கீழாநெல்லியா, பொறுத்திருப்பதா, மாத்திரையா?

என் தம்பிக்கு 36 வயது. மலேசியாவுக்கு வேலைக்குப் போக மெடிக்கல் எடுத்த இடத்தில்தான் அவன் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரியவந்தது. உடம்பில் சோர்வு கிடையாது, கண்ணில் மஞ்சள் கிடையாது, பசி வழக்கம்போல. ஒரு தாளில் பாசிட்டிவ் என்று ஒரு சொல், அவ்வளவுதான். வேலை கைவிட்டுப் போயிற்று.

அன்றிரவு ரங்கூன் தாம்வேயில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று கட்சி. ஊரில் எல்லாருக்கும் கேட்டது கீழாநெல்லிதான், நாளைக்கே அரைத்துத் தருகிறேன் என்றார் அத்தை. ரத்தம் பார்த்த இடத்தில் "நீங்க வெறும் கேரியர்தான், மருந்து எதுவும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தம்பி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். அவன் மனைவி மட்டும் மாத்திரை தொடங்க வேண்டும் என்றாள். "அண்ணி, நீங்களாவது படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினாள்.

இரண்டு மாதம் படித்தேன். இரண்டு ஈரல் மருத்துவர்களிடம் கேட்டேன். ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் இதே தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நம் வீடுகள் நிறைய இருக்கும் என்பதால் எழுதுகிறேன். 2015-ல் பர்மா முழுவதும் எடுத்த ஆய்வில் நூற்றுக்கு 6.5 பேருக்கு பி, 2.7 பேருக்கு சி இருந்தது. காளி கோவில் அன்னதானப் பந்தியில் ஒரு வரிசையில் 15 பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்கு பி இருக்கலாம் என்ற கணக்கு அது.

முதலில் ஒன்று. தாளில் இருப்பது எந்த எழுத்து என்று பாருங்கள். சி என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் இரண்டையும் 12 வாரம் சாப்பிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் கிருமி அடியோடு போய்விடுகிறது. யோசிக்க ஒன்றுமில்லை, மருத்துவரிடம் போக வேண்டியதுதான். பி அப்படிப்பட்டதில்லை, அதனால்தான் குழப்பம்.

அத்தையின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் நம் வீடுகளில் ஜெயிக்கிற கட்சி. வேலியோரம் முளைக்கிற செடி, வெறும் வயிற்றில் மோரில் கலந்து குடிப்பது, உப்பில்லாப் பத்தியம். அத்தை பொய் சொல்லவில்லை. 1982, 83-ல் ரங்கூனில் மஞ்சள் காமாலை பரவியபோது எங்கள் தெருவில் பல பேர் கீழாநெல்லி குடித்துத்தான் எழுந்தார்கள் என்று அவர் சொல்வது உண்மை. ஆனால் அது பி கிடையாது. தண்ணீரில் பரவிய வேறு கிருமி. பிறகு அதற்கு ஹெபடைடிஸ் ஈ என்று பெயர் வைத்தார்கள். 1990-ல் முதன்முதலாக அந்த வைரஸின் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்தது பர்மாவிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்துத்தான். உலக நூல்களில் இன்றும் அது 'பர்மா வகை' என்றே இருக்கிறது. இந்த ஈ வகை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும் (கர்ப்பிணிகளுக்கு மட்டும் உயிராபத்தானது). ஏ வகையும் அப்படித்தான். தானாக இறங்கப்போகிற மஞ்சள் இறங்கும்போது கையில் என்ன டம்ளர் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது.

பி-யிலும் இந்த மயக்கம் உண்டு. வளர்ந்தவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது தங்கும். மற்றவர்களின் உடம்பே துரத்திவிடும். அவர்களில் ஒருவர் கீழாநெல்லி குடித்திருந்தால் ஊரெல்லாம் சாட்சி. பிறந்த கையோடு தொற்றிய குழந்தைகளின் கதை நேர்மாறானது. பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். தங்கிய கிருமி பல பத்தாண்டுகள் மஞ்சளையே காட்டாது. பர்மிய மொழியிலும் இந்த நோயை 'அதாவா' என்கிறார்கள், சதை மஞ்சளாவது என்று பொருள். நாம் கண்ணுக்குத் தெரிகிற மஞ்சளைப் பார்த்தே பழகிவிட்டோம். ஈரல் உள்ளுக்குள் தழும்பாவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இங்கே நான் எதிர்பாராத ஒன்றைப் படித்தேன். கீழாநெல்லியை விஞ்ஞானிகள் ஒதுக்கித் தள்ளவில்லை. மிகுந்த நம்பிக்கையோடு சோதித்தார்கள். சென்னையில் தியாகராஜனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கூட எழுதியவர் புளூம்பெர்க், 1965-ல் இந்தக் கிருமியின் அடையாளத்தைக் கண்டறிந்து அறிவித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய அதே மனிதர். 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேல்புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெற்று மருந்து (மருந்துச் சத்து இல்லாதது) சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. இயல்பாக அது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான் மறையும் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தை சொன்னது சரிதானோ என்று நினைத்தேன்.

அப்புறம் மற்ற ஊர்களில் செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் செய்த ஆய்வு 1990-ல் வந்தது: பலனில்லை. 1994-ல் நியூசிலாந்து: பலனில்லை. சென்னை ஆய்வையும் திரும்பப் பார்த்தால் சேர்ந்தவர்கள் 78 பேர், கணக்கில் வந்தவர்கள் 60 பேர். மீதி 18 பேருக்கு என்ன ஆயிற்று என்பது முடிவையே மாற்றக்கூடியது. 2011-ல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வு, வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி பி-க்கு நல்லது என்று நம்ப ஆதாரம் போதாது என்று முடித்தது. எனக்கு இதில் வருத்தம்தான். நம் வேலியோரச் செடி வென்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கீழாநெல்லி விஷமா என்று கேட்டால், அந்த ஆய்வுகளில் பெரிய பக்கவிளைவு பதிவாகவில்லை. எனக்குப் பயம் இரண்டு இடத்தில். ஒன்று, கூடவே வருகிற மற்ற பொடிகள். 2020 கடைசியில் மும்பையில் சீந்தில் கொடி சாப்பிட்டு ஈரல் கெட்டு வந்த ஆறு பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சீந்திலையும் நம்மவர்கள் நல்ல மூலிகை என்றுதான் குடிக்கிறோம். இன்னொன்று காலம். கீழாநெல்லி குடிக்கிறவர் ரத்தப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். ஐந்து வருஷம் கழித்து வயிறு வீங்கிய பிறகு வருகிறார். சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவி மஞ்சளை இறக்குவது, சூடு போடுவது இவற்றைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அவை வேண்டாம்.

தம்பியின் கட்சி பொறுத்திருப்பது. இதைக் கேலி செய்யக் கூடாது, நெடுநாள் மருத்துவ உலகமே இப்படித்தான் சொல்லிவந்தது. பி கிருமி சிலரிடம் பல ஆண்டுகள் தொந்தரவில்லாமல் கிடக்கும். கிருமி எண்ணிக்கை குறைவு, ஈரல் என்சைம் சரி, தழும்பு இல்லை, குடும்பத்தில் யாருக்கும் ஈரல் நோய் இல்லை, வயதும் இளமை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நியாயமான வழி.

ஆனால் 'சும்மா இருப்பது' என்ற சொல்லே ஏமாற்றுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எஸ்.ஜி.பி.டி (ஈரல் என்சைம்), பிளேட்லெட் (ரத்தத் தட்டணு), வயிற்று ஸ்கேன். முடிந்தபோது வைரஸ் எண்ணிக்கை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம், போக்குவரத்து. எங்கள் தெருவிலேயே 'கேரியர்' என்று சொல்லப்பட்டவர்களில் இரண்டாவது தடவை போனவரை நான் பார்த்ததில்லை. கேரியர் என்ற சொல்லுக்கு நம் காதில் விழுகிற பொருள் 'உனக்கு நோயில்லை' என்பது. அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் தயவுசெய்து அடுத்த தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

எண்களை எடுத்துப் பார்த்தேன். தம்பியின் எஸ்.ஜி.பி.டி 38. ஆய்வகத் தாளில் 41 வரை சரி என்று அச்சாகியிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் வெளியிட்ட பி வழிகாட்டி ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்பதையே மேல் வரம்பாக வைக்கிறது. அந்த வரம்புக்கு மேல் போய், வைரஸ் எண்ணிக்கையும் 2000-க்கு மேல் இருந்தால் மருந்து தொடங்கலாம் என்கிறது.

வைரஸ் எண்ணிக்கை பார்க்கக் காசு வேண்டும். அதில்லாமலும் ஒரு கணக்குப் போடலாம், ஏப்ரி என்று பெயர். எஸ்.ஜி.ஓ.டி என்ற இன்னொரு ஈரல் என்சைமை ஆய்வகத்தின் மேல் வரம்பால் வகுத்து, நூறால் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து அதால் வகுக்க வேண்டும். தம்பிக்கு எஸ்.ஜி.ஓ.டி 46, வரம்பு 40, பிளேட்லெட் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். 46-ஐ 40-ஆல் வகுத்தால் 1.15, நூறால் பெருக்கினால் 115, அதை 190-ஆல் வகுத்தால் 0.6. 2015 வழிகாட்டியில் இந்த எண் 2-ஐத் தாண்டியிருந்தால்தான் ஈரல் இறுகியதாக எடுத்துக்கொண்டு மருந்து தொடங்கச் சொன்னார்கள். 2024-ல் 0.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய தழும்பு என்று இறக்கிவிட்டார்கள். காகிதத்தில் போடுகிற கணக்கு, தப்பும் வரும். அதனால் ஈரலின் இறுக்கத்தை அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம். 8.1 வந்தது. 7-க்கு மேல் போனால் தழும்பு.

இன்னொரு கேள்வியை இரண்டாவது மருத்துவர்தான் கேட்டார்: குடும்பத்தில் யாராவது ஈரல் நோயில் போனார்களா? நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா 52 வயதில் மகோதரம் வந்து போனார். குடிக்காதவர். வயிற்றில் நீர் கோத்து, கால் குச்சியாகி, கடைசியில் ரத்த வாந்தி. அது ஈரல் இறுகிப்போய் வந்தது என்று அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வயிற்று நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். புதிய வழிகாட்டியின்படி பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு ஈரல் இறுக்கமோ ஈரல் புற்றுநோயோ இருந்திருந்தாலே மற்ற எண்களைப் பார்க்காமல் மருந்து தொடங்கலாம். தம்பியின் தாளை ரத்தம் பார்த்த இடத்தில் படித்தவர் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பெருவயிறு வந்து போன பெரியப்பா, தாத்தா யாராவது இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையையும்விட அது மலிவு.

பொறுத்திருப்பதற்கு எதிராக 2025-ல் ஒரு ஆய்வும் வந்தது. கொரியாவிலும் தைவானிலும் 40 வயதைத் தாண்டிய 734 பேர். வைரஸ் கணிசமாக இருக்கிறது, என்சைம் பெரிதாக ஏறவில்லை, ஈரல் இறுகவில்லை. பழைய விதிப்படி 'பொறுங்கள்' என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்கள். பாதிப் பேருக்கு மருந்து கொடுத்தார்கள், பாதிப் பேரைக் கவனித்து மட்டும் வந்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் ஈரல் புற்றுநோய் முதலான பெரிய கெடுதல்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. தம்பிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லைதான். இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

இனி மாத்திரை. இதில் ஏமாற்றமான உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன்: மாத்திரை பி-யைக் குணமாக்காது. கிருமி தன் மூல நகலை ஈரல் செல்லின் கருவுக்குள் பதுக்கி வைத்துக்கொள்கிறது, மாத்திரை அங்கே எட்டாது. புது நகல் எடுப்பதைத்தான் தடுக்கும். அதனால் வருஷக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஆயுள் முழுக்க என்றதும் தம்பியின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் அது தருவது சின்ன விஷயமில்லை. 2004-ல் வந்த ஆசிய ஆய்வில், ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்த 651 பேரில் வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு நோய் முற்றியது நூற்றில் 17.7 பேருக்கு, லாமிவுடின் எடுத்தவர்களுக்கு 7.8. அது பழைய, பலம் குறைந்த மருந்து. டெனோஃபோவிர் என்ற மாத்திரையைப் பற்றி 2013-ல் வந்த ஆய்வுதான் என் மனதை மாற்றியது. தொடக்கத்திலும் ஐந்து ஆண்டு கழித்தும் ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் ஈரல் இறுகியிருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாம் ஆண்டில் அந்த இறுக்கம் இல்லை. இறுகிய ஈரல் திரும்ப இளகும் என்று அதுவரை நான் கேள்விப்பட்டதே கிடையாது. அப்பா காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எந்த மாத்திரை? லாமிவுடினைக் கடைக்காரர் மலிவு என்று கொடுத்தால் வாங்காதீர்கள். ஐந்து ஆண்டில் பத்தில் ஏழு பேருக்குக் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது, அப்புறம் என்டெகாவிர் என்ற இன்னொரு மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. டெனோஃபோவிருக்கு அந்தத் தொல்லை இல்லை. நாளுக்கு 300 மில்லிகிராம், ஒரு வேளை. கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். அதன் குறை சிறுநீரகத்திலும் எலும்பிலும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் முற்றி, கிரியாட்டினின் ஏறியிருக்கிற பெரியவர்களுக்கு என்டெகாவிர் மேல், ஆனால் வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் இருக்கும்படி. டாஃப் என்று சுருக்கிச் சொல்கிற புதிய டெனோஃபோவிர் சிறுநீரகத்துக்கு மென்மையானது, விலைதான் கூட. வாரம் ஒரு ஊசி, 48 வாரம் என்ற இன்டர்ஃபெரான் வழியும் உண்டு. அது படுத்தும் பாட்டுக்கும் செலவுக்கும் எங்களைப் போன்றவர்கள் அதை நினைக்கவே இல்லை.

மாத்திரையை எதிர்த்துச் சொல்லக்கூடிய ஒரே பலமான வாதம் பக்கவிளைவு அல்ல, நம் ஊர் நிலைமை. தொடங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கிருமி பாய்ந்து எழுந்து ஈரலை ஒரேயடியாகச் சாய்த்துவிடலாம். 2021-க்குப் பிறகு ரங்கூனில் மருந்து வருவதும் நிற்பதும், விலை ஏறுவதும் எல்லாருக்கும் தெரியும். டெனோஃபோவிரின் விலை உலகச் சந்தையில் மாதத்துக்கு 2.4 டாலர் வரை இறங்கியிருந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொன்னது. நம் கடைகளில் அது அந்த விலைக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். டெனோஃபோவிர் எச்.ஐ.வி-க்கும் கொடுக்கிற மருந்து என்பதால் அதன் கையிருப்பு பெரும்பாலும் அற்றுப்போவதில்லை என்று மருத்துவர் சொன்னார். அதுவே நாங்கள் டாஃபை விட்டு அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம். மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாத வீடு, அந்தப் பணத்தைச் சேர்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஈரல் ஏற்கெனவே இறுகியிருந்தால் காத்திருக்கக் கூடாது, கடன் வாங்கியாவது தொடங்க வேண்டும். டெனோஃபோவிர் எச்.ஐ.வி-க்கும் மருந்து என்பதால், தொடங்கும் முன் எச்.ஐ.வி பரிசோதனை கட்டாயம். இருக்கிறது என்றால் டெனோஃபோவிரைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, கூட்டு மருந்து வேண்டும்.

தம்பி தொடங்கிவிட்டான். எட்டு மாதம் ஆகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, போனில் மணி வைத்திருக்கிறான். எஸ்.ஜி.பி.டி 24-க்கு வந்திருக்கிறது. வீட்டில் இன்னும் சில மாறின. பூசணம் பிடித்த வேர்க்கடலையை ஆய்ந்து எறிகிறோம். அதில் வளர்கிற அஃப்லடாக்சின் நஞ்சும் பி கிருமியும் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு. அவனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தட்டையும் டம்ளரையும் பழையபடி எல்லாவற்றோடும் சேர்த்துவிட்டோம். சோற்றாலும் தண்ணீராலும் பி பரவாது. முதல் வாரத்தில் அவன் அந்தத் தனித்தட்டில் தலைகுனிந்து சாப்பிட்டதற்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன். தனியாக வைக்க வேண்டியவை சவர பிளேடும் பல் பிரஷ்ஷும் நகவெட்டியும் மட்டும். அவன் மனைவி மூன்று ஊசி போட்டுக்கொண்டாள், இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பிள்ளைகள் 2003-ல் பர்மாவில் பி தடுப்பூசி வந்ததற்குப் பிறகு பிறந்தவர்கள், பாதுகாப்பாக இருக்கிறார்கள். அத்தை வாரம் ஒருமுறை மோரில் கீழாநெல்லி தருகிறார். மருத்துவரிடம் கேட்டோம், அது மட்டும் என்றால் பரவாயில்லை, மாத்திரையை விடாதீர்கள் என்றார்.

நானும் பார்த்துக்கொண்டேன், எனக்கு இல்லை. நடுத் தங்கைக்கு இருக்கிறது. அவளுக்கு எண்கள் நன்றாக இருப்பதால் இப்போதைக்குப் பொறுத்திருக்கலாமா, அப்பாவை வைத்துத் தொடங்கிவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நான் தொடங்கு என்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இன்னும் ரத்தம் எடுக்கவில்லை. தன்னிடமிருந்துதான் பிள்ளைகளுக்குப் போயிற்றோ என்று அவர் ஒரே ஒரு முறை கேட்டார், அதற்கப்புறம் பேச்சை எடுப்பதில்லை. அம்மாவிடமிருந்தா, அப்பாவின் சவரக் கத்தியிலிருந்தா, யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் போட ஊசியும் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். கூடப் போவது நான்.